முத்தில்லாத ‘முத்தணிந்த பெண்’

மதிப்பிற்குரிய ஐயா,

பிரெஞ்சு ஓவியர் கமீய் கோரோவின் ‘முத்தணிந்த பெண்’ ஓவியத்தைப் பற்றிய தங்கள் குறிப்பில் ஓரிடத்தில் ‘குடியானவப் பெண்ணின் எளிமை’ என்கிறீர்கள்; இரண்டு பத்தி தள்ளி, அவள் இத்தாலியக் கிராமத்து உடையணிந்த பாரிஸ் பெண் என்கிறீர்கள். பின்னது உண்மையானால் நாம் ரசிப்பது வெறும் வேடத்தைத்தானே?

அன்புள்ள நண்பருக்கு,

வேடம்தான். 1868-70 காலத்தில் வரையப்பட்ட இந்த ஓவியத்துக்காக அமர்ந்தவர் பெர்த் கோல்ட்ஷ்மிட் என்னும் பாரிஸ் இளம்பெண் என்றே கலை வரலாற்றாளர்கள் கொள்கிறார்கள். உடை கோரோவுடையது. 1825 தொடங்கி மூன்று முறை இத்தாலி சென்று வந்த அவர், அந்நாட்டு உடைகளைத் தம் ஓவியக்கூடத்தில் வைத்திருந்து, மாடல்களுக்கு அணிவித்து வரைந்தார். 1866-இல் அவர் வரைந்த ‘அகோஸ்தினா’வும் இவ்வகை உடையில்தான் நிற்கிறாள். அதன் மாடல் என்று கருதப்படும் அகோஸ்தினா செகத்தோரி, அன்கோனா என்ற இத்தாலியத் துறைமுக நகரத்தில் பிறந்து, பாரிஸில் மாடலாக வாழ்ந்து, பிற்பாடு அங்கேயே ஒரு கஃபே நடத்தியவர். (1887-இல் வான் கோ வரைந்தது இவரைத்தான்.) அசல் இத்தாலியப் பெண்ணுக்கும் அது தொழிலுக்கான உடையாகவே இருந்திருக்கிறது.

ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கோரோவின் தாய் தொப்பிக்கடை நடத்தியவர். கோரோவே 26 வயதுவரை துணி வணிகர்களிடம் வேலை பார்த்தவர். துணியின் கனமும் மடிப்பும் கைவந்த அப்படிப்பட்ட ஒருவர், கிராமத்து உடையைக் காட்சிப்பொருளாக்க நினைத்திருந்தால் சரிகையும் நிறமுமாக அள்ளி இறைத்திருக்கலாம். இங்கே அவர் நிறத்தை மங்கிய பழுப்புக்குள் அடக்கிவிடுகிறார். பின்னால் மலையில்லை, கையில் குடமில்லை. சற்றே திரும்பிய உடலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளும் மோனா லிசாவை நினைவூட்டுகின்றன. அன்றைய பாரிஸ் நாகரிக உடையில் அவளை அமர்த்தியிருந்தால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆண்டைச் சொல்லிவிடலாம். கிராமத்து உடைக்கு ஆண்டு கிடையாது. அதற்காகவே அவர் அதைத் தேர்ந்தார் என்பது என் ஊகம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நெற்றியில் முத்தாகத் தெரிவது முத்தே அல்ல. தலையில் சூடிய இலைமாலையில் ஓர் இலை நெற்றியில் வீழ்த்தும் நிழல் அது. கோரோ இந்த ஓவியத்தைக் கண்காட்சிக்கு அனுப்பாமல் தம் வீட்டு வரவேற்பறையிலேயே மாட்டி வைத்திருந்தார். அவர் இறந்தது 1875-இல். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இதை வாங்கியது 1912-இல்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ‘குடியானவப் பெண்ணின் எளிமை’ என்று எழுதியது, உடையைப் பார்த்த கண் முகத்துக்குப் போகுமுன் கை முந்திக்கொண்டதால் நேர்ந்த பிழை. அந்தத் தொடரை நீக்கிவிடுகிறேன்.