கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு சொன்னதை மக்கள் ஏன் நம்பாமல் போனார்கள்?

காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது முகக்கவச விவகாரம்.

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் பதவியில் இருந்த ஜெரோம் ஆடம்ஸ் ட்விட்டரில், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பலனில்லை என்று எழுதினார். அதே பதிவில், மருத்துவப் பணியாளர்களுக்கு அது கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் ஆபத்து என்றும் சொன்னார். அவர்களைக் காக்கும் முகக்கவசம் எங்களை மட்டும் காக்காதா என்று படிப்பவர் கேட்கத்தானே செய்வார்? உண்மையான கவலை தட்டுப்பாடு. அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 3 அன்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி துணி முகக்கவசம் அணியச் சொன்னது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் தொற்று பரவுகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது, நியாயமான மாற்றம்தான். ஆனால் சமூக ஊடகத்தில் பழைய பதிவு ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, மாற்றத்துக்கான காரணம் அதனுடன் சேர்ந்து பயணிக்கவில்லை.