காரின் டிக்கியில் உள்ள எழுத்துகளையும் கதவுப் பட்டைகளையும் கழற்றினால் பெயிண்ட் போய்விடுமா?

மாடல் பெயர், வேரியண்ட் எழுத்து, கதவின் பக்கவாட்டுப் பட்டை, இவற்றை வீட்டிலேயே கழற்ற முடியுமா, பெயிண்ட் கெடுமா, பிடிக்காவிட்டால் திரும்ப ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கம்பெனி பெயிண்ட் என்றால் பொறுமையாகச் செய்யும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் அது கம்பெனி பெயிண்ட்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் கை வைத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கார் புதியது என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்ட் கார் என்றே வைத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் எழுத்தைக் கழற்ற நினைப்பதில்லை, நாலைந்து வருடம் துடைத்துச் சலித்த பிறகுதான் அந்த எண்ணமே வரும்.

கீழே ஒரு கருத்து வரும் என்று தெரியும்: "விலை குறைந்த வேரியண்ட் என்பதை மறைக்கத்தான் கழற்றுகிறார்கள்." என் காரில் இருந்தது அந்த மாடலின் உயர்ந்த வேரியண்ட். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. வாரா வாரம் கையால் கழுவுகிறவன் நான். எழுத்துகளின் இடுக்கில் தேங்கும் அழுக்கு எந்தத் துணிக்கும் பிரஷ்ஷுக்கும் முழுதாக வராது. காய்ந்ததும் ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒரு கோடு வடியும். அது போதாதென்று, விற்ற கடைக்காரர் தன் கடைப் பெயரையும் பிளாஸ்டிக் எழுத்தில் ஓரத்தில் ஒட்டியிருந்தார். முழுக் காசும் கொடுத்து வாங்கிய வண்டியில் அவருக்கு நான் ஏன் விளம்பரம் சுமக்க வேண்டும்? முதலில் கழற்றியது அதைத்தான்.

ஒன்பது வயதான, அடர் சிவப்பு நிறக் கார். டிக்கி வேலை நன்றாகவே நடந்தது. காரைக் கழுவி, எழுத்துகளைச் சுற்றி மண் துகள் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இதைத் தாண்டிப் போகாதீர்கள். எழுத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், எழுத்தை அறுத்தெடுக்க அதன் பின்னால் நூலை இழுக்கும்போது அதுவே பெயிண்டில் கோடு போட்டுவிடும். அப்புறம் எழுத்துகளின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த எழுத்து எங்கே இருந்தது என்று பேனாவால் குறித்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

இந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரட்டைப் பக்க அக்ரிலிக் நுரை டேப். குளிரில் அது இறுகிக்கிடக்கும், சூட்டில் இளகும். ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். கையை வைத்தால் பொறுத்துக்கொள்ளக் கூடிய சூடு போதும். சூடு வந்ததும் தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து, ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தேன். நரம்பு நுரையின் நடுவே அறுத்துக்கொண்டு போனது. ஒரு எழுத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலும் செய்யும், ஆனால் அடிக்கடி அறுந்துபோகும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் பக்கமே போகாதீர்கள். நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் நிறமில்லாத பளபளப்புப் படலம்தான் கிளியர் கோட், அதன் கனம் வெறும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). தலைமுடியைவிட மெல்லியது.

ஹீட் கன் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட வரவில்லை. கை பழகியவர்களுக்குச் சரி. ஆனால் அது 500 டிகிரிக்கு மேல் போகக்கூடிய கருவி, ஒரு இடத்தில் சில நொடி நின்றால் கொப்புளம் வந்துவிடும். பிளாஸ்டிக் பம்பராக இருந்தால் பம்பரே வளையும்.

எழுத்து வந்த பிறகு பெயிண்டில் நுரையின் மிச்சம் இருக்கும். நேரம் தின்பது இதுதான். இன்னொரு முறை லேசாகச் சூடு காட்டி, பெருவிரலால் ஒரு ஓரத்திலிருந்து உருட்டினால் உருண்டையாகத் திரண்டு வரும். வராததற்கு கார் பெயிண்டுக்கு என்றே விற்கும் தார் நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தேன். கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். நகப் பூச்சு அழிக்கும் அசிட்டோன், பெயிண்ட் தின்னர், இரண்டும் வேண்டாம். டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் ஒன்றும் உண்டு. நிதானமான வேகத்தில் நன்றாக வேலை செய்யும், அழுத்தினால் அந்த உராய்வுச் சூடே பெயிண்டைக் கெடுக்கும்.

எல்லாம் துடைத்து முடித்துப் பார்த்தால், எழுத்து இல்லை, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது! ஒன்பது வருட வெயிலில் சுற்றியிருந்த சிவப்பு வெளுத்துவிட்டது, எழுத்துக்கு அடியில் இருந்தது அன்றைக்குப் பூசியது போலப் பளிச்சென்று இருந்தது. சிவப்பில் இது மற்ற நிறங்களைவிட அதிகம் தெரியும். பாலிஷ் போட்டால் மேலே செத்துக்கிடக்கும் மெல்லிய படலம் போய், சுற்றியுள்ள நிறம் கொஞ்சம் மீண்டு வரும். இரண்டு முறை போட்டேன். இப்போது சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும், தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். முழுதாகப் போகும் வரை தேய்க்கலாமே என்று நினைக்காதீர்கள். வெயிலைத் தாங்குவது அந்த கிளியர் கோட்தான், அதைத் தேய்த்துத் தீர்த்தால் பிறகு அந்த இடம்தான் முதலில் வெளுக்கும்.

இந்த வெற்றியில் வந்த தைரியத்தில் அடுத்த வாரம், இதே போலப் படமும் எடுத்துக்கொண்டு, கதவுப் பட்டைகளில் கை வைத்தேன். இடது பக்கம் இரண்டு கதவும் சுத்தமாக வந்தன. வலது பின்கதவும் வந்தது. வலது முன்கதவில் அதே சூடு, அதே நரம்பு, அதே நிதானம். முக்கால்வாசி அறுத்த பிறகு பட்டையின் முனை தானாகப் பிரிந்து தொங்கியது, அதோடு சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்டும் தோல் போல உரிந்து வந்தது. உடனே நிறுத்தினேன். நிறுத்தியும், தொங்கிய பட்டையின் எடையிலேயே இன்னும் கொஞ்சம் உரிந்தது. மொத்தம் உள்ளங்கை நீளம். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பட்டை இருந்த இடத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் பழைய, அசல் சிவப்பு. அதன் இரு ஓரத்திலும் விரலில் தட்டுப்படும் ஒரு வரப்பு. வரப்புக்கு வெளியே வேறு ஒரு சிவப்பு, அதற்கு அடியில் சாம்பல் நிற பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு. அந்தக் கதவுக்கு எப்போதோ டிங்கரிங் பார்த்து மறு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடித்தவர் பட்டையைக் கழற்றவில்லை. அதன் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றி அடித்துவிட்டார். பட்டையின் விளிம்பு வரை உப்புத்தாள் போய்ச் சேராது. தேய்க்காத பளபளப்பின் மேல் விழுந்த பெயிண்டுக்கு அங்கே பிடிப்பே கிடையாது. அதோடு புதுப் பெயிண்ட் பட்டையின் விளிம்பையும் கதவையும் சேர்த்து ஒரே படலமாக மூடியிருந்தது. பட்டையை இழுத்தால் அந்தப் படலமும் கூடவே வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டு எடுப்பார்கள். பட்டறையில் அப்படிச் செய்தால் வண்டியின் பிளாஸ்டிக், வயர் எல்லாம் உருகிவிடும் என்பதால் 60 டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள், பல இடங்களில் அதுவும் கிடையாது. மறு பெயிண்ட் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பட்டை, கைப்பிடி எல்லாம் கழற்றி, முறையாகத் தேய்த்து அடிக்கும் பெயிண்டர்களின் வேலை வருடக்கணக்கில் நிற்கிறது. என் கதவில் கை வைத்தவர் அவர்களில் ஒருவர் இல்லை.

பிறகு ஒரு பெயிண்டர் பெயிண்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்து காட்டினார். டிக்கியில் 120 மைக்ரான் அளவு, கம்பெனி பெயிண்ட். வலது முன்கதவில் 300க்கு மேல், ஒரு இடத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. ஆயிரம் என்றால் அடியில் பட்டி வைத்து ஒடுக்கை நிரவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்றவர் என்னிடம் சொன்னது, "சுத்தி வர ஒரிஜினல் பெயிண்ட் சார், ஒரு கீறல் படாத வண்டி." அடிபட்ட வண்டி என்று சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். ஒரு கதவு அடிபடுவது பெரிய குற்றமா? கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே நீங்கள் நரம்பை எடுப்பதற்கு முன் காரைச் சுற்றி வந்து பாருங்கள். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயிண்ட் தூசி படிந்திருக்கிறதா, பட்டையின் விளிம்பில் பெயிண்ட் ஏறியிருக்கிறதா, பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் நிறமோ மேற்பரப்பின் சொரசொரப்போ மாறுகிறதா என்று பாருங்கள். அளக்கும் கருவி யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. மறு பெயிண்ட் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் விளிம்பை ஒட்டி புது பிளேடால் பெயிண்ட் படலத்தை மட்டும் மெல்லக் கீறிப் பிரித்துவிட்டுக் கழற்றச் சொன்னார் அந்தப் பெயிண்டர். அது அவர் கைக்கு வரும். என் கைக்கு வரும் என்று நான் நம்பவில்லை.

சில சின்னங்களின் பின்னால் ஊசி போன்ற முளை இருக்கும், தகட்டில் அதற்கு ஓட்டை இருக்கும். நரம்பு நடுவில் சிக்கி நின்றால் அதுதான் காரணம், முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். டிக்கியின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டையைத் திறந்து விட்டால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும், அடைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போவதில் அர்த்தம் இல்லை. சமீபத்திய கார்களில் முன் கிரில்லின் கம்பெனி சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கலாம். முன்னே போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது அதன் வேலை. ரேடார் அலை தடையில்லாமல் போகும்படி அந்தச் சின்னத்தின் கனமும் பூச்சும் அளந்து செய்யப்பட்டவை. அதைக் கழற்றவும் வேண்டாம், மேலே ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம். சில கார்களில் பின் சின்னம்தான் டிக்கியின் கைப்பிடி, சிலவற்றில் அதற்குள் கேமரா. எரிவாயு, மின்சார வண்டிகளின் அடையாள ஸ்டிக்கரையும் தொடாதீர்கள். விபத்து நடந்தால் மீட்க வருகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. டிக்கிக்கு அவ்வளவு பாடுபட்டுப் பாலிஷ் போட்ட அடுத்த மாதம் ஆயில் மாற்ற சர்வீசுக்கு விட்டேன். "வாட்டர் வாஷ் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்" என்று வாயால் சொன்னேன், ஜாப் கார்டிலும் எழுத வைத்தேன். திரும்ப வாங்கும்போது வண்டி பளபளவென்று நிற்கிறது. யாரோ சக்கரம் துடைத்த துணியாலேயே மேலேயும் துடைத்திருக்கிறார்கள். வெயிலில் பார்த்தால் டிக்கி முழுக்க சிலந்தி வலை போல வட்ட வட்டக் கீறல். கேட்டால், "வாஷ் ஃப்ரீ சார்" என்கிறார்கள். இலவசம் என்பதா பிரச்சினை? வேண்டாம் என்று ஒரு மனிதன் சொன்னால் அதைக் கேட்கக் கூடாதா? துடைத்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு நல்ல துணி கொடுக்காதவர்களைத்தான் சொல்கிறேன். இப்போது எங்கே விட்டாலும் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வருகிறேன்.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். திரும்ப ஒட்டலாம். பட்டைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நான் தப்பித்தேன். முழுக் கதவையும் பெயிண்ட் அடிப்பது ஒரு வழி, உரிந்த இடத்தை டச்சப் செய்து பட்டையாலேயே மூடுவது இன்னொரு வழி என்றார் பெயிண்டர். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். உரிந்த ஓரத்தை அவர் தேய்த்து, பிரைமரும் நிறமும் பூசிக் கொடுத்தார். அது நன்றாகக் காய இரண்டு வாரம் விட்டேன். பட்டையின் பின்னால் இருந்த பழைய டேப்பை முழுக்க உருட்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, புது அக்ரிலிக் நுரை டேப் போட்டேன். வெயில் இறங்கி, தகடு வெதுவெதுப்பாக இருந்த நேரத்தில், முன்பு எடுத்த படத்தைப் பார்த்து அதே கோட்டில் வைத்து முனை முதல் முனை வரை அழுத்தினேன். அந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் ஆகும், அதுவரை தண்ணீர் படவிடவில்லை. ஒரு கதவில் மட்டும் பட்டை இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்பதால் மற்ற மூன்றையும் ஒட்டிவிட்டேன். டிக்கி மட்டும் ஒரு எழுத்தும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. இப்போது அதை ஒரே வீச்சில் துடைத்து முடிக்கிறேன்.