மல்லிகை விவசாயிகளின் வருமானம் பற்றிய ப்ராஜெக்ட்டுக்கு 100 கேள்வித்தாள் போதுமா?

எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைவிட என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம் தம்பி.

நான் படித்த காலத்தில் 'மாத வருமானம்' என்று கட்டம் போட்ட தாளோடு மதுரை திருமங்கலம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குப் போனேன். மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "எந்த மாசத்தக் கேக்குறப்பா?" என்றார். அந்தக் கட்டத்தை அங்கேயே அடித்துவிட்டேன். மார்கழி, தை பனியில் மொட்டு குறைந்து விலை ஏறும். கோடையில் பூ குவிந்து விலை சரியும். முகூர்த்த நாள் வந்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் மாறும். இதில் மாதச் சராசரி எதைச் சொல்லும்?

அதனால் நேற்றைய கணக்கைக் கேளுங்கள்: எத்தனை கிலோ, என்ன விலை, பறிகூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கொடுக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல விவசாயிகள் கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். வாங்கினால் பூவை அங்கேயேதான் போடவேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பகுதிப் பூவுக்கே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதனால் விலையில் ஏதாவது மாறியதா என்று அவர்களிடமே கேளுங்கள், நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

இன்னொன்று: மொட்டு மலர்வதற்குள் மார்க்கெட் போய்ச் சேரவேண்டும் என்பதால் விடியுமுன்னே பறிக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது யார்? இதையும் கேளுங்கள். 100 பேர் வேண்டாம், 15 குடும்பம் போதும். ஆனால் பனிக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று அதே வீடுகளுக்கு இரண்டு தடவை போங்கள்.