குளத்தை ‘டாங்க்’ ஆக்கியது யார்?

கேள்வி: ‘டாங்க்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் குளத்துக்கும் வருகிறது, வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் வருகிறது, மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கும் வருகிறது, யுத்த தாங்கிக்கும் வருகிறது. விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பதும் அதுதான் என்கிறாள் உயர்தரம் படிக்கும் என் மகள். ஒரு சொல்லில் இத்தனை பொருள்! தமிழுக்கு இந்த வளம் உண்டா?
(வாசகர் ஒருவர், மாங்குளம்)

பதில்: மாங்குளத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. நான் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். வளத்தைப் பிறகு பார்ப்போம்.

மகள் சொன்னது சரி. டெனிஸில் ஒருவர் மனமறிந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் டாங்க் பண்ணிவிட்டார் என்பார்கள். இளம் பிள்ளைகள் போடும் கையில்லாத மேற்சட்டைக்கு ‘டாங்க் டொப்’ என்று பெயர். அதுவும் தண்ணீரிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் நீச்சல் தடாகத்தையும் டாங்க் என்றார்கள், அதில் இறங்கப் போட்ட உடுப்பு டாங்க் சூட், அதன் மேற்பாதியின் சாயல்தான் இந்தச் சட்டை. கொள்கை ஆராயும் நிறுவனங்களுக்கு ‘திங்க் டாங்க்’ என்று பெயர். நம் பத்திரிகைகள் அதைச் சிந்தனைக் குழாம் என்று அழகாகவே எழுதுகின்றன.

யுத்த தாங்கிக்கு அந்தப் பெயர் வந்த விதம்தான் எனக்கு மறக்காதது. 1915 இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் தரைக்கப்பல் குழு என்று ஒன்றை அமைத்தது. சங்கிலிச் சில்லில் ஊர்ந்துபோகும் இரும்பு வண்டியை லிங்கன் நகரத்தில் இரகசியமாகச் செய்தார்கள். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. மெசொப்பொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொன்னார்கள். ‘வோட்டர் கரியர்’ என்று பெயர் வைக்கலாமா என்று பார்த்தால், முதலெழுத்து இரண்டும் சேர்ந்து கழிவறையைக் குறித்தன. கடைசியில் அந்த வருட டிசம்பரில் ‘டாங்க்’ என்ற பெயர் நிலைத்தது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதல் இறங்கியது. தண்ணீரின் பெயருக்குள் ஒளித்து வைத்த ஆயுதம் அது. வன்னிப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எந்த அகராதியிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் சுற்றுலா வந்தவர்கள் பஸ் பஸ்ஸாக இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுக்கக் கட்டியது அது. அந்தப் படப்பிடிப்பின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, நீங்கள் வியந்த வளத்துக்கு வருவோம். டாங்க் ஆங்கிலேயரின் பரம்பரைச் சொத்து இல்லை. குஜராத்தி, மராத்தி பேசும் பக்கத்தில் தண்ணீர் தேக்கும் இடத்துக்கு இருந்த சொல் அது. போர்த்துக்கேயரிடம் இருந்த ஒரு சொல்லும் அதோடு கலந்தது. நீர்ப்பாசன அறிக்கை ஒன்றைக் கையில் எடுங்கள். டாங்க், பண்ட், அனிக்கட் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். குளக்கட்டைக் குறிக்கும் பண்ட் பாரசீகத்தில் தொடங்கி இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அனிக்கட் நம்முடைய அணைக்கட்டேதான். அருவி ஆற்றை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் இடம் தேக்கம் அணைக்கட்டு. நம்மிடம் வாங்கிப் போன சொல்லை ஆங்கில அறிக்கையில் கண்டுவிட்டு, தமிழ்ப் பெயர்ப்பலகையில் ‘அனிக்கட்’ என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை தொடங்கிப் பல வருடம். வாசகர்கள் சிலர் போதும் என்று எழுதியும் விட்டார்கள். பலகையைத் திருத்தினால் நிறுத்துகிறேன்.

கட்டுக்கரையை ஆங்கில வரைபடத்தில் தேடினால் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ என்றுதான் இருக்கும். இரணைமடுவும் டாங்க், முத்தையன்கட்டும் டாங்க், வவுனிக்குளமும் டாங்க். நம் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம். அப்புறம் நெடுங்கேணி, தண்ணீரூற்று, விசுவமடு, கரிப்பட்டமுறிப்பு. மன்னார்ப் பக்கம் போனால் மோட்டை என்று முடியும் பெயர்கள். குளம் வேறு, கேணி வேறு, மடு வேறு, ஊற்று வேறு, மோட்டை வேறு. மடு என்றால் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் பள்ளம். இரணை என்றால் இரட்டை. 1902 இல் வெள்ளைக்காரன் அங்கே கட்டு வேலை தொடங்குவதற்கு முன்பே அந்த இடம் எப்படி இருந்தது என்பதைப் பெயர் சொல்லிவிடுகிறது. முறிப்பு என்றால் கட்டு முறிந்த இடம். எப்போதோ ஒரு மழைக்கு அந்த ஊர் பட்ட பாடு ஊரின் பெயராகவே நிற்கிறது. இத்தனையையும் ஒரே டாங்குக்குள் போட்டு மூடிவிட்டு, அந்த மூடியைப் பார்த்து நீங்கள் வளம் என்கிறீர்கள்!

குளத்துக்குள்ளேயே இறங்கினால் இன்னும் இருக்கிறது. கட்டு, துருசு, வான், வாய்க்கால், அலைகரை. துருசு திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும். குளம் நிறைந்து மிஞ்சினால் வான் பாயும். மழைக்காலம் தொடங்கினால் வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கத்தில் காலையில் சுகம் விசாரிப்பதற்கு முன்பே ‘இரணைமடு எத்தனை அடி?’ என்றுதான் கேட்பார்கள்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் வேண்டும் என்றீர்களே, இந்த வானை வைத்துக்கொள்ளுங்கள். ஆகாயமும் வான்தான், பழைய தமிழில் மழையும் வான்தான், குளத்தின் மிகைநீர் வழியும் வான்தான். ஹையேஸ் ஓட்டுகிறவர்கள் வந்த பிறகு அதுவும் வான்! தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்தது இது. சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய் வளர்ந்த பேரனுக்கு அம்மம்மா ஒரு மார்கழி விடியற்காலையில் ரெலிபோன் எடுத்திருக்கிறார்.

“தம்பி, இரவு வான் பாய்ஞ்சிட்டுதடா.”

“ஐயோ, ஆற்றை வான் அம்மம்மா?”

“ஆற்றையோ? எங்கடை குளத்திலைதான்.”

“குளத்துக்கையோ! ஆருக்கும் காயமே?”

“காயமேன்? ஊர்ச் சனம் முழுக்க அங்கைதான் நிக்குது, மீன் பிடிக்கினம்.”

“அங்கை வான் கிடக்க மீன் பிடிக்கினமோ?”

“பிடிக்காமல்? கொம்மானும் உரப்பையோடை போட்டான். இப்பிடிப் பாய்ஞ்சு எத்தினை வருசம்! நீயும் ஒரு வான் பிடிச்சுக்கொண்டு வாவன், பாக்கலாம்.”

பேரன் அலறிக்கொண்டு மாமாவுக்கு எடுத்தால், மாமாவின் போன் உரப்பைக்குள் மீனோடு கிடக்கிறது. மத்தியானம்தான் விஷயம் விளங்கியது. அந்தப் பிள்ளை இப்போது ஒவ்வொரு மார்கழியும் ‘வான் பாயுதோ’ என்று தானே எடுத்துக் கேட்கிறானாம். எனக்கு அதில் மிகவும் சந்தோஷம்.

ஆனால் இந்தச் சொற்கள் வெறும் ரசனைக்கு உரியவை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான சனம் வீடு விட்டு வெளியேறியது. அப்படிப்பட்ட இரவில் ‘வான்கதவு திறக்கிறார்கள்’ என்ற இரண்டே சொல் போதும், எந்த வாய்க்கால் பெருகும், எந்தப் பாதை மூடும், மாட்டை எங்கே அவிழ்த்துவிட வேண்டும் என்று கீழே இருக்கிறவர்களுக்கு விளங்கிவிடும்.

அலைகரை என்ற சொல்தான் எனக்கு அதிகம் நோகிறது. குளம் நிறையும்போது அலை வந்து அடிக்கும் கரை அது. கோடையில் காய்ந்து புல் முளைக்கும், மாடு மேயும், வெறும் தரைபோலக் கிடக்கும். பழைய கமக்காரர் அதில் ஒரு வேலிக் கதியால்கூட நட மாட்டார்கள். மாரியில் அது குளத்தின் இடம் என்று தெரியும். இப்போது அது கடதாசியில் ‘டாங்க் றிசர்வேசன்’. கூட்டத்தில் ஓர் அலுவலர் அந்தச் சொல்லை மூன்று தரம் சொல்ல, பின்வரிசையில் இருந்த இளம் கமக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ‘அது எந்தக் காணி அண்ணை?’ என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவருடைய வேலி அந்தக் காணிக்குள்தான் நின்றது. அலைகரை என்று சொல்லியிருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும், அவருடைய தகப்பனும் வீட்டில் சத்தம் போட்டிருப்பார். மண் போட்டு நிரப்பிக் கொட்டில் எழுந்த பிறகு நோட்டீஸ் ஒட்டுவதில் என்ன பிரயோசனம்? அலைகரை சுருங்கினால் குளம் பிடிக்கும் தண்ணீர் குறையும். சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கும்போது அந்தக் குறை எல்லார் பங்கிலும் விழும்.

கேட்டதற்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்கு, பெற்றோலுக்கு, யுத்தத்துக்கு என மூன்று தரம் ‘தாங்கி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வழியில் சுமை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டவர்களும், கோபுரத்தில் இடிதாங்கி வைத்தவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்தார்கள். குளத்துக்கு மட்டும் தாங்கி என்று நீங்கள் எழுதவில்லை. கை தானாகக் குளம் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையை நம்புங்கள்.

ஒரு வேலையும் தருகிறேன். மகளுக்குச் சோதனை முடிந்ததும், மாங்குளத்தைச் சுற்றி முறிப்பு, மடு, மோட்டை, கேணி என்று முடியும் இடங்களின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத சின்னக் குளங்களின் பெயர்களை முதலில் எழுதட்டும். எந்தக் குளத்தில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது, எதில் வீடு நிற்கிறது என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். இந்தப் பக்கத்திலேயே முழுவதையும் போடுகிறேன்.