பற்று வரவு: ஹானர் சொசைட்டின்னா என்ன, காமர்ஸ் அசோசியேஷன்னா என்ன? ஆடிட்டர் அண்ணன் பதில்கள்

போன இதழ்ல ஆர்ட்டிகல்ஷிப், அதாவது சி.ஏ. படிக்குறவங்க ஆடிட்டர்கிட்ட எடுக்குற பயிற்சி, அத பத்தி எழுதுனேன்ல, அதுக்கப்புறம் வந்த கேள்வியில பாதி சங்கம் சேர்றது பத்தி தான். கணக்கு படிக்குற புள்ளைங்க நடத்துற சங்கம். அதனால இந்த தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன், ஜி.எஸ்.டி. கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம்.

கேள்வி: என் பொண்ணு இங்க பி.காம். முடிச்சிட்டு அமெரிக்காவுல அக்கவுண்டிங்ல மாஸ்டர்ஸ் படிக்குறா. போன வாரம் ஒரு மெயில் வந்துச்சாம், உன் மார்க் நல்லா இருக்கு, ஹானர் சொசைட்டியில சேர உன்ன தேர்ந்தெடுத்திருக்கோம், ஃபீஸ் கட்டி சேர்ந்துக்கோன்னு. நம்ம ஊருல நல்ல மார்க் எடுத்தா கையில பரிசு குடுப்பாங்க, அங்க நல்ல மார்க் எடுத்தா நம்மகிட்ட பணம் கேக்குறாங்களே, இது ஏமாத்து வேலையா?
- லாஸ்பேட்டை வாசகர்

பதில்: சார், உங்க கேள்விய படிச்சிட்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சு காட்டுனேன். சந்தேகப்பட்டது தப்பே இல்ல. ஆனா பணம் கேட்டாங்கன்றத மட்டும் வச்சு ஏமாத்துன்னு முடிவு பண்ணிட முடியாது, ஏன்னா அங்க நெஜமான சொசைட்டியும் ஃபீஸ் வாங்கும், பொய்யானதும் வாங்கும்.

ஹானர் சொசைட்டின்னா நல்ல மார்க் எடுக்குற புள்ளைங்கள மட்டும் சேத்துக்குற சங்கம். நெஜமானது எப்படி இருக்கும்னு சொல்றேன். அக்கவுண்டிங் புள்ளைங்களுக்குன்னு அங்க ரொம்ப பழசா இருக்கறது பீட்டா ஆல்ஃபா சை. எல்லாம் கிரேக்க எழுத்து, கடைசியில வர்றத 'சை'ன்னு தான் சொல்லணும், நான் ரொம்ப நாளா 'ப்ஸி'ன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். 1919ல இல்லினாய் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சாங்க. அக்கவுண்டிங் மட்டுமில்ல, ஃபைனான்ஸ் படிக்குறவங்களும் சேரலாம். ஜி.பி.ஏ., அதாவது மார்க் சராசரி, 4க்கு 3 அப்படிங்கறது அங்க முக்கியமான அளவுகோல். இன்னொண்ணு பீட்டா காமா சிக்மா, 1913ல ஆரம்பிச்சது, இது பிசினஸ் படிப்பு மொத்தத்துக்கும் பொது, பிசினஸ் காலேஜுங்கள தரம் பாக்குற ஏ.ஏ.சி.எஸ்.பி. அமைப்போட அங்கீகாரம் இருக்கிற காலேஜ்ல மட்டும் தான் இருக்கும், டிகிரி படிக்குறவங்கள்ல முதல் 10 சதவீதம், மாஸ்டர்ஸ்ல முதல் 20 சதவீதத்துக்குள்ள இருந்தா அவங்களே கூப்புடுவாங்க, ஒரு தடவ ஃபீஸ் கட்டுனா ஆயுசுக்கும் மெம்பர்.

இது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. காமா சிக்மா மார்க்குக்கு குடுக்குற மரியாதை. ஆல்ஃபா சைல மார்க் வச்சிருந்தா கதவு தொறக்கும், அவ்ளோ தான், உள்ள போனப்புறம் வேலை செய்யணும். மொதல்ல கேண்டிடேட்டா வச்சிருப்பாங்க, மீட்டிங் வரணும், கம்பெனிக்காரங்க வந்து பேசுறப்ப உக்காரணும், சேவை மணி நேரம் கணக்கு காட்டணும், அதுக்கப்புறம் தான் மெம்பரா எடுத்துப்பாங்க. சொந்தபந்தம் யார் எவ்ளோ வச்சாங்கன்னு மொய் நோட்டுல எழுதுற மாதிரி, யார் எத்தன மணி நேரம் வந்தாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்க.

இப்ப உங்க பொண்ணு செய்ய வேண்டியது இது தான். அந்த மெயில்ல இருக்கிற லிங்க்க தொட வேணாம். அவ டிபார்ட்மெண்ட்டுக்கு நேரா நடந்து போகட்டும், நம்ம காலேஜ்ல இந்த சொசைட்டியோட சாப்டர், அதாவது கிளை இருக்கா, பொறுப்பு ப்ரொஃபசர் யாருன்னு கேக்கட்டும். நெஜமான சொசைட்டின்னா சாப்டர் காலேஜுக்குள்ளயே இருக்கும், ஒரு ப்ரொஃபசர் பொறுப்புல இருப்பாரு, போன செமஸ்டர் என்ன நடந்துச்சுன்னு கேட்டா நாலு சீனியர் புள்ளைங்க சொல்லும். டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் தெரியல, ஆனா மெயில்ல மட்டும் 'இன்னும் 48 மணி நேரம் தான்'னு அவசரப்படுத்துறான்னா அது காசுக்கு சர்டிபிகேட் விக்குற கடை. நேரு வீதியில 'இன்னிக்கு மட்டும் தள்ளுபடி' போர்டு வருஷம் முழுக்க தொங்குமே, அந்த ஜாதி.

இன்னொன்னு, இந்த மெம்பர்ஷிப்பால, அங்க ஆடிட்டர் ஆகறதுக்கு எழுதுற சி.பி.ஏ. பரீட்சையில ஒரு பேப்பர் கூட குறையாது. மூணு கட்டாய பேப்பர், ஒண்ணு விருப்ப பேப்பர், எல்லாரும் நாலும் எழுதியே ஆகணும். அப்புறம் எதுக்கு சேரணும்னா, அடுத்த கேள்விய படிங்க.

கேள்வி: தம்பி, என் மகனும் அமெரிக்காவுல தான் இருக்கான். ஜனவரியிலருந்து சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு போன் போட்டா எடுக்கறதே இல்ல. அங்க அப்ப காலையில ஒம்போதாம், யாரோ ஊர் பேர் தெரியாதவங்களுக்கு இலவசமா வரி கணக்கு போட்டு குடுக்க போறானாம், சங்கத்து வேலையாம். சம்பளமும் இல்லியாம். இவன படிக்க அனுப்புனமா, ஊழியம் பண்ண அனுப்புனமா?
- முத்தியால்பேட்டை வாசகி

பதில்: அம்மா, மொதல்ல ஒரு நல்ல சேதி, உங்க மகன் சேர்ந்தது நெஜமான சங்கம்.

அங்க வீட்டான்னு ஒரு திட்டம், அவங்க ஊரு இன்கம்டாக்ஸ் டிபார்ட்மெண்ட்டே நடத்துது, 1969லருந்து இருக்கு. வருமானம் கம்மியா இருக்கிறவங்க, வயசானவங்க, இங்கிலீஷ் சரியா வராதவங்க, இவங்களுக்கெல்லாம் தன்னார்வலர்ங்க உக்காந்து ரிட்டர்ன் போட்டு குடுப்பாங்க, காசு வாங்க கூடாது. சும்மா போயி உக்கார முடியாதும்மா, அந்த டிபார்ட்மெண்ட் வைக்கிற டெஸ்ட் பாஸ் பண்ணணும். ஒருத்தர் போட்ட ரிட்டர்ன இன்னொருத்தர் சரிபாக்காம அனுப்ப மாட்டாங்க. அங்க கடைசி தேதி ஏப்ரல் 15, அதனால ஜனவரி கடைசியிலருந்து அது வரைக்கும் சனிக்கிழமை போன் எடுக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை போடுங்க.

சம்பளமும் பிடிச்ச வரியும் காட்டுற நம்ம ஃபார்ம் 16 மாதிரி அங்க டபிள்யூ-2ன்னு ஒரு சீட்டு, சம்பளம் குடுத்தவன் தருவான். சிலர் ரெண்டு மூணு எடத்துல வேலை பாத்து ரெண்டு மூணு சீட்டு கொண்டாருவாங்க, சிலர் கசக்கி பர்ஸுல வச்சிருப்பாங்க. அந்த கசங்குன சீட்ட பிரிச்சு, எதிர்ல இருக்கிறவங்ககிட்ட கல்யாணம் ஆயிடுச்சா, புள்ள எத்தன, வேற எங்கயாவது வேலை பாத்தீங்களான்னு கூச்சப்படாம கேட்டு ஒரு ரிட்டர்ன் முடிக்கிறதுக்குள்ள கத்துக்கறது க்ளாஸ்ல ஒரு மாசம் உக்காந்தாலும் வராது. நாளைக்கு இன்டர்வியூல 'ஒரு கஷ்டமான கிளையண்ட் பத்தி சொல்லு'ன்னு கேட்டா அவன் யோசிக்கவே வேணாம். ஸ்டூடண்ட் விசா பத்தி கவலை இருந்தா, சம்பளம் இல்லாத சேவை தானான்னு காலேஜ்ல இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டு வச்சிக்க சொல்லுங்க, போதும்.

கேள்வி: நான் கடலூர்ல பி.காம். செகண்ட் இயர். இந்த ஹானர் சொசைட்டில்லாம் யூட்யூப்ல பாத்தா ஆசையா இருக்கு. நம்ம ஊருல இந்த மாதிரி எதுவும் கிடையாதா அண்ணே?
- திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: தம்பி, அந்த சொசைட்டிங்கள்ல தனி ஆளா வெளியிலருந்து சேர முடியாது, படிக்கிற காலேஜ்ல கிளை இருந்தா தான். அத விடு, நம்ம பக்கம் இருக்கறத பாப்போம்.

சி.ஏ.வுக்கு பேர் குடுத்தவங்களுக்கு நம்ம தென் மண்டலத்துல இருக்கிற மாணவர் அமைப்புக்கு சிகாசான்னு பேரு. சி.ஏ. படிப்ப நடத்துற ஐ.சி.ஏ.ஐ. அமைப்போட கிளையோட சேர்ந்து நடக்கும். புதுச்சேரியில கிளை இருக்கு, உனக்கு ஒரு பஸ் தூரம். ஆனா வெறும் பி.காம். படிச்சா போதாது, கோர்ஸ்ல பதிஞ்சிருக்கணும். ஃபவுண்டேஷன்ங்கற மொத கட்ட பரீட்சை எழுதி வரலாம், இல்ல பி.காம்.ல 55 சதவீதம் எடுத்தா நேரா அடுத்த கட்டமான இன்டர்மீடியட் பதியலாம். இப்ப ஆர்ட்டிகல்ஷிப்பும் ரெண்டு வருஷம் தான், எங்களுக்கு மூணு வருஷம், வயித்தெரிச்சல்.

சி.ஏ. வேணாம்னா உன் காலேஜ்லயே காமர்ஸ் அசோசியேஷன் இருக்கும், அத கேவலமா நெனைக்காத. எங்க காலத்துல எப்படின்னா, வருஷத்துக்கு ரெண்டு ஃபங்ஷன். தொடக்க விழா, நிறைவு விழா. சீஃப் கெஸ்ட்டுக்கு பொன்னாடை, ஒரு மொமெண்டோ, எங்களுக்கு ஒரு சமோசா ஒரு மைசூர்பாகு. அவ்ளோ தான் சங்கம்.

2011 ஏப்ரல்ல எங்க சார் ஒருத்தர், ஃபங்ஷன்லாம் போதும்டான்னு எங்க ஆறு பேர மஞ்சக்குப்பத்துல ஒரு பேங்க் வாசல்ல மேசை போட்டு உக்கார வச்சிட்டாரு. வேலை என்னன்னா பெரியவங்களுக்கு 15ஹெச் ஃபாரம் நிரப்பி குடுக்கறது. வரி வர்ற அளவுக்கு வருமானம் இல்ல, டெபாசிட் வட்டியில பிடிக்காதீங்கன்னு பேங்க்குக்கு எழுதி குடுக்குற ஃபாரம். நல்ல கூட்டம். மூணு வருஷமா கம்பெனி அக்கவுண்ட்ஸ் காஸ்ட் அக்கவுண்ட்ஸ்னு எழுதி தள்ளுனவன் நான், அந்த ஃபாரத்த அன்னிக்கு தான் மொத தடவ கண்ணால பாக்குறேன்.

புதுப்பாளையத்துலருந்து ஒரு ஆயா வந்துச்சு. மஞ்சப்பையில ரெண்டு பாஸ்புக்கு, ஒரு டெபாசிட் ரசீது, அத மடிச்சு மடிச்சு மடிப்புல நூலு தெரியுது. நான் கடகடன்னு நிரப்பிட்டு பான் நம்பர் சொல்லு ஆயான்னேன். அதுக்கு பான் கார்டே இல்ல. பான் இல்லேன்னா 15ஹெச் குடுத்தாலும் செல்லாது, 10 சதவீதம் பிடிக்கிற எடத்துல 20 பிடிப்பான், அது முந்தின வருஷம் தான் வந்த சட்டம். எனக்கு தெரியல, எங்க சார் வந்து சொன்னாரு. அப்புறம் பான் அப்ளிகேஷன் வாங்கி, அதுக்கு பொறந்த தேதி ஆதாரம் தேடி, அந்த ஆயாவுக்கு பொறந்த தேதியே தெரியாது, புயல் அடிச்ச வருஷம்னு மட்டும் சொல்லுச்சு, கடலூர்ல எந்த வருஷத்த எடுத்துக்கறது நீயே சொல்லு. மூணு நாள் ஆச்சு அந்த ஒரு கேஸுக்கு. பேலன்ஸ் ஷீட்டுக்கு பின்னால ஒரு ஆள் இருக்குன்னு அன்னிக்கு தான் மண்டையில ஏறுச்சு.

அதனால உன் அசோசியேஷன்ல போயி இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பி. கடலூர் ஓல்ட் டவுன்ல மீன் யாவாரம் பண்ற அக்காங்கள்ல எத்தன பேர் கடன் கணக்கு எழுதி வச்சிருக்காங்கன்னு போயி பாரு, ஒரு நோட்டு ஒரு பேனாவோட போ. ஃபாரம், வரம்புல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், ஒரு ஆடிட்டர கூட வச்சிக்கிட்டு பண்ணு, தப்பா எழுதி குடுத்துட்டு அவங்கள மாட்டி விட்டுடாத.

கேள்வி: ரெஸ்யூம்ல போடறதுக்காக மூணு நாலு சங்கத்துல சேரலாமா?
- காலாப்பட்டு வாசகி

பதில்: சேரலாம், கூடவே நாலு சங்கத்துல நீ செஞ்ச நாலு வேலையயும் எழுதணும். எழுத முடியலேன்னா ஒண்ணு போதும். எங்க ஆபீஸுக்கு வர்ற ரெஸ்யூம்ல 'மெம்பர்'னு பாத்தா நான் கேக்குற ஒரே கேள்வி, கடைசி மீட்டிங்ல என்ன பேசுனீங்க. பாதி பேர் ஃபேன பாப்பாங்க.

கேள்வி: அண்ணே, என்ன எங்க டிபார்ட்மெண்ட் அசோசியேஷன் ட்ரெஷரர் ஆக்கிட்டாங்க. சிம்போசியத்துக்கு வசூல் 18,600. நோட்டுல செலவு 18,240. கையில 360 இருக்கணும், இருக்கறது 20 ரூபா. 340 இடிக்குது. ராத்திரி தூக்கம் வரல, கை காசு போட்டு சரி பண்ணிடலாமான்னு இருக்கேன். யாருக்கும் சொல்லல.
- வில்லியனூர் வாசகர்

பதில்: போடாத! கை காசு போட்டு டேலி பண்றது தான் இந்த தொழில்ல மொத கெட்ட பழக்கம், 340ல ஆரம்பிக்கும். கணக்கு படிக்குற புள்ளைங்க சங்கத்துல தான் கணக்கே எழுத மாட்டாங்க, எங்க காலத்துலயும் ட்ரெஷரர்னா பாக்கெட்டுல கவர் வச்சிருக்கிறவன்னு தான் அர்த்தம். நீ நோட்டாவது போட்டிருக்க, அதுவே பெரிசு.

இப்ப பொறுமையா தேடு. மொதல்ல 340ஐ 9ஆல வகு. மீதி இல்லாம போச்சுன்னா 54ன்னு எழுத வேண்டியத 45ன்னு மாத்தி எழுதியிருப்ப, ஆனா 340 போகாது, அதனால அது இல்ல. அடுத்து பாதியாக்கு, 170. குடுத்த 170 ரூபாய தவறி வரவு பக்கம் எழுதியிருந்தா சரியா 340 இடிக்கும், நோட்டுல 170ன்னு ஏதாவது இருக்கா பாரு. அதுவும் இல்லியா, அப்ப எழுதாம விட்ட செலவு. சிம்போசியத்தன்னிக்கு காலையில என்னென்ன நடந்துச்சுன்னு நாலு பேர உக்கார வச்சு வரிசையா கேளு. சீஃப் கெஸ்ட்ட பஸ் ஸ்டாண்டுலருந்து கூட்டியாந்த ஆட்டோ, குபேர் மார்க்கெட்ல வாங்குன மாலை, கடைசி நிமிஷம் ஃப்ளெக்ஸ் கட்ட வாங்குன கயிறு, இதெல்லாம் பில்லு இல்லாத செலவு, எவனாவது 'மச்சான் ஒரு முன்னூறு குடு'ன்னு வாங்கிட்டு போயிருப்பான்.

அப்பவும் கெடைக்கலேன்னா மறைக்காத. எதுக்குன்னு தெரியாத தொகைக்கு போடற அனாமத்து கணக்குன்னு ஒரு தலைப்பு போட்டு 340ன்னு எழுதி, தேதி போட்டு, கீழ நீயும் உங்க பொறுப்பு சாரும் கையெழுத்து போடுங்க. அடுத்த ஃபங்ஷன்லருந்து அம்பது ரூபாய்க்கு மேல எவன் கேட்டாலும் வவுச்சர்ல கையெழுத்து வாங்காம குடுக்காத, திட்டுவானுங்க, திட்டட்டும்.

எனக்கென்னவோ மாலை மேல தான் சந்தேகம். கண்டுபுடிச்சா எழுது, அடுத்த இதழ்ல போடுறேன்.