சால்ஸ்பர்க்கில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பேருந்துச் சுற்றுலா: கட்டணத்துக்குத் தகுந்ததா?

கேள்வி: ஜூன் மாதம் அம்மாவையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு மியூனிக்கில் உள்ள தம்பி வீட்டுக்குச் செல்கிறேன். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைக் கல்லூரிக் காலத்தில் பார்த்த அம்மா, அதன் பாட்டுகளை இன்றும் முணுமுணுப்பார். ஒரு நாள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குச் சென்று, படம் எடுக்கப்பட்ட இடங்களை அவருக்குக் காட்ட விரும்புகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, நாங்கள் சைவம். வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாப் பேருந்தில் போவது நல்லதா, நாங்களாகவே சுற்றிப் பார்க்கலாமா?

பதில்: அம்மாவின் முழங்காலை முன்னிட்டுப் பார்த்தால் பேருந்தே சரி. ஆனால் நீங்கள் செலுத்தும் கட்டணம் தூரத்துக்கும் வழிகாட்டி சொல்லும் கதைக்கும்தான். எந்த மாளிகைக்குள்ளும் நுழைவதற்கு அல்ல. இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இந்தச் சுற்றுலாவில் ஏமாற்றம் அடைந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர், படத்தில் பார்த்த வீட்டின் கூடத்தில் போய் நிற்கலாம் என்று நம்பி வந்தவர்களே.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். மிராபெல் தோட்டத்துக்கு அருகில் உள்ள மிராபெல்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து இந்தச் சுற்றுலா புறப்படுகிறது. நெடுங்காலமாக இதை நடத்திவரும் பனோரமா டூர்ஸ் நிறுவனத்தின் பேருந்து வழக்கமாகக் காலையில் ஒன்றும் பிற்பகல் 2 மணியளவில் ஒன்றுமாகப் புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம் சுற்றிக் காட்டும். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். மியூனிக்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கனமான வழி, சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லுபடியாகும் பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்தின் ஒரு நாள் ரயில் சீட்டு. வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும் இந்தச் சீட்டு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதாலும், பயணத்துக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதாலும், வார நாளில் இந்தச் சீட்டோடு வருகிறவர்கள் காலைப் பேருந்தைப் பிடிக்க இயலாது. சனி, ஞாயிறுகளில் இந்தத் தடை இல்லை என்றாலும், உங்களுக்குப் பிற்பகல் பேருந்தையே பரிந்துரைப்பேன். 11 மணியளவில் வந்து இறங்கி, தோட்டத்தை நிதானமாகப் பார்த்து, சாப்பிட்டு, அம்மா சிறிது நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு ஏறலாம். ஜூன் மாதத்தில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருப்பதால், மாலை 6 மணிக்கு இறங்கிய பிறகும் பழைய நகரத்துக்கு நேரம் கிடைக்கும்.

பேருந்து காட்டும் இடங்களில் விளக்கம் அதிகம் தேவைப்படுவது வீடு. படத்தில் ஒரே வீடாகத் தெரிவது உண்மையில் பல துண்டுகளின் ஒட்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து அனுப்பப்படும் கதாநாயகி மரியா கிட்டாரும் பையுமாக வந்து வாயிற்கதவின் முன் நிற்கும் முகப்பு, ஹெல்பிருன் செல்லும் மர நிழல் சாலையில் உள்ள ஃப்ரோன்பர்க் மாளிகை. இன்று அது மொசார்ட்டியம் இசைப் பல்கலைக்கழக மாணவர்களின் விடுதி. ஏரியை நோக்கிய பின்புறக் காட்சிகள், நகரின் தென்பகுதியில் லியோபோல்ட்ஸ்க்ரோன் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டவை. அவற்றிலும் நாம் மாளிகையின் மாடமென்று நினைக்கும் இடம் மாளிகைக்கு உரியது அன்று, பக்கத்து நிலத்தில் இருப்பது. நடனம் நிகழும் கூடமோ லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் படப்பிடிப்புத் தளத்தில் போடப்பட்டது. லியோபோல்ட்ஸ்க்ரோன் மாளிகையின் வெனிஸ் பாணி அறையை மாதிரியாகக் கொண்டு அதை அமைத்தார்கள். சால்ஸ்பர்க் இசை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் ரைன்ஹார்ட் 1918 முதல் 1938 வரை வைத்திருந்த அந்த மாளிகை இப்போது விடுதியாகவும் கருத்தரங்க மையமாகவும் இயங்குகிறது. பொதுவாகத் தங்குகிறவர்களுக்கே உள்ளே அனுமதி. ஆகவே பேருந்து உங்களை எதிர்க்கரையில் இறக்கிவிடும். அங்கே நீருக்கு அப்பால் தெரியும் வெளிர்நிற மாளிகையைப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குழந்தைகள் அனைவரும் படகு கவிழ்ந்து விழுவது இந்த ஏரியில்தான் என்றும், கடைக்குட்டியாக நடித்த சிறுமிக்கு நீந்தத் தெரியாததால் அன்று தண்ணீர் குடித்துத் திணறினாள் என்றும் மகளிடம் சொல்லிப் பாருங்கள். ஏரியை அவள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

அடுத்து ஹெல்பிருன் பூங்காவில் இருக்கும் கண்ணாடி மண்டபம். காதலர்கள் பாடும் இரண்டு காட்சிகளில் வரும் இந்த எண்கோண மண்டபம் படத்துக்காகவே கட்டப்பட்டு, முதலில் லியோபோல்ட்ஸ்க்ரோன் பக்கம் நின்று, பின்னாளில் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. நேரில் பார்க்கும்போது இது சிறியதாகத் தோன்றும். மூத்த பெண் இருக்கைக்கு இருக்கை தாவி ஆடும் நடனம் இதற்குள் நடந்ததன்று. அதற்கென அமெரிக்காவில் பெரிய மண்டபம் ஒன்று அமைத்தார்கள். கதவு பூட்டியிருப்பதால் உள்ளே போக முடியாது. ஒரு பேருந்துக் கூட்டம் மொத்தமும் கதவுக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்கும்போது நிறுத்தத்துக்குக் கொடுத்த நேரமே கரைந்துவிடும். மண்டபத்தை அப்பால் சுற்றி நின்று பார்த்தால் போதும் என்று கருதினால், அந்த நேரத்தில் அம்மா பூங்காவில் உட்காரலாம். ஹெல்பிருன் அரண்மனையின் பெயர்பெற்ற குறும்பு நீரூற்றுகள், அதாவது விருந்தினர் எதிர்பாராத இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி நனைப்பதற்காக 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பேராயர் அமைத்தவை, இந்தச் சுற்றுலாவில் சேரா. மகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது அதுவே என்பதால், ஒரு நாள் தங்க முடியுமானால் நகரப் பேருந்தில் தனியாக வந்து பாருங்கள்.

நோன்பர்க் மடத்தைப் பேருந்து கீழிருந்தே காட்டும். சுமார் 1,300 ஆண்டுகளாகக் கன்னியர் வாழ்ந்துவரும் இந்த மடத்தின் வாயிலில் சில காட்சிகளை எடுக்க அனுமதி கிடைத்தது. உட்புறம் முழுவதும் படப்பிடிப்புத் தளத்தில் அமைத்ததே. படக் கதைக்கு மூலமான உண்மையான மரியா, அந்தக் குழந்தைகளின் தந்தை கேப்டன் ஜார்ஜ் ஃபான் டிராப்பை 1927 நவம்பர் 26 அன்று மணந்தது இந்த மடத்தின் தேவாலயத்தில்தான். படத்தின் திருமணமோ சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள மோண்ட்சே என்ற சிற்றூரின் தேவாலயத்தில் எடுக்கப்பட்டது.

அந்த மோண்ட்சேதான் பேருந்துக் கட்டணத்துக்கு நியாயம் சேர்க்கும் பகுதி. நகரை விட்டு ஏறியதும் ஃபுஷல் ஏரி, வுல்ஃப்காங் ஏரி என்று ஒன்றன்பின் ஒன்றாக மலைச்சரிவுக்குக் கீழே நீர்ப்பரப்பு விரியும். மொசார்ட்டின் தாயார் பிறந்த சாங்ட் கில்கன் ஊர் அந்த வுல்ஃப்காங் ஏரிக்கரையில் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பேருந்துக்குள் படத்தின் பாட்டுகளை ஒலிக்கவிடுவார்கள். சிலர் உரக்கச் சேர்ந்து பாடுவார்கள். சிலர் சன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதில் நீங்கள் எந்த வகை என்பதை நான் அறியேன், உங்கள் அம்மா முதல் வகை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. மோண்ட்சேயில் மஞ்சள் நிற இரட்டைக் கோபுரங்களுடன் நிற்கும் தேவாலயத்துக்குள் நுழைந்தால், மணப்பெண் நீள முகத்திரை தரையில் புரள நடந்துவரும் நடுப்பாதையும் எதிரே உயர்ந்து நிற்கும் பலிபீடமும் படத்தில் இருப்பது போலவே இருக்கும். இந்தச் சுற்றுலாவில் படக் காட்சிக்குள்ளேயே நடந்து பார்க்கக் கிடைக்கும் பெரிய உள்ளிடம் இது ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்திலிருந்து சமதரையில் நடந்தால் போதும். வழிபாடு நடந்துகொண்டிருந்தால் கடைசி வரிசையில் அமைதியாக நில்லுங்கள்.

பேருந்து போகாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மரியா கைவிரித்துச் சுழலும் தொடக்கக் காட்சி, ஆஸ்திரிய எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் பவேரியாவில், மார்க்ட்ஷெல்லன்பர்க் அருகே உள்ள புல்வெளியில் எடுக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்ட ஒளிப்பதிவாளர் அருகில் வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் காற்று தன்னைப் புல்லில் தள்ளி வீழ்த்தியதை, மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டு தொடங்கும் மலைமேட்டுப் புல்வெளி தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வெர்ஃபன் ஊருக்கு மேலே இருக்கிறது. அதற்கு ஏற்றம் ஏறியாக வேண்டும் என்பதால் இந்த முறை விட்டுவிடுங்கள். நாஜிகளிடமிருந்து தப்பும்போது குடும்பம் ஒளிந்துகொள்ளும் கல்லறைத் தோட்டமும் தளத்தில் போட்டதுதான். அதற்கு மாதிரியாக இருந்த புனித பேதுரு கல்லறைத் தோட்டத்தைப் பழைய நகரில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இனி நீங்களாகவே பார்க்க வேண்டியவை. சுற்றுலாவின் இறுதியில் வழிகாட்டி மிராபெல் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வார். ஆனால் அப்போது எல்லாரும் களைத்திருப்பார்கள், முந்தைய பேருந்தின் கூட்டமும் இருக்கக்கூடும். தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே நான் சொன்னபடி மதியத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். சிறகு முளைத்த குதிரைச் சிலை உள்ள நீரூற்று, அதைச் சுற்றிக் குழந்தைகள் ஓடும் வட்டம், பாட்டின் கடைசி ஸ்வரங்களுக்கு ஏற்ப அவர்கள் ஏறி இறங்கும் படிகள், கொடிப்பந்தல் சுரங்கம், குள்ளர் சிலைகள் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடையில் இருக்கின்றன. அந்தப் படிகளில் நின்று, பழைய நகருக்கு மேலே குன்றின் மீதுள்ள கோட்டையை நோக்கினால், படச்சட்டம் அப்படியே கண்முன் அமையும். மகள் படிகளில் ஆடட்டும். அம்மா எதிரே உள்ள இருக்கையிலிருந்து பார்க்கலாம்.

மாலையில் ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து பழைய நகருக்குச் சென்றால், மரியா தன்னம்பிக்கைப் பாட்டைப் பாடியபடி தண்ணீரைத் தெளித்துச் செல்லும் குதிரை நீரூற்று ரெசிடென்ஸ் சதுக்கத்தில் இருக்கிறது. தெருக்கள் சமதரைதான், ஆனால் கருங்கல் பதித்தவை, மழை பெய்தால் வழுக்கும். அம்மா மெத்தென்ற அடிப்பகுதி உள்ள காலணி அணிவது நல்லது. கோட்டைக்குச் செல்ல விரும்பினால் நடக்க வேண்டாம். பழனியில் உள்ள விஞ்ச் போன்ற இழுவை ரயில் உண்டு. அது கடைசியாக இறங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மடத்துக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை. மூட்டு வலி உள்ளவர்களை நான் அனுப்ப மாட்டேன்.

பேருந்து இல்லாமலே மோண்ட்சே வரை போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், சால்ஸ்பர்க்கிலிருந்து 140 எண்ணுள்ள வட்டாரப் பேருந்து மோண்ட்சே செல்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் ஏரிப் பக்கச் சாலையில் செல்வது 150 எண்ணுள்ள வேறு பேருந்து. லியோபோல்ட்ஸ்க்ரோன், ஹெல்பிருன் ஆகியவை நகரின் எதிர்ப்பக்கம். இவை அனைத்தையும் ஒரே நாளில் மாறி மாறி ஏறிப் பார்ப்பது இருபது வயதுக்காரர்களுக்கு உற்சாகமாக இருக்கலாம், உங்கள் குழுவுக்கு அது தண்டனை. இரண்டு நாள் தங்குகிறவர்கள், நகர அனுமதிச் சலுகை அட்டையான சால்ஸ்பர்க் கார்டை வாங்கி, கோட்டையையும் ஹெல்பிருனையும் அதிலேயே முடித்துக்கொண்டு, மோண்ட்சேக்கு வட்டாரப் பேருந்தில் போய்வந்து, பேருந்துச் சுற்றுலாவையே தவிர்க்கலாம் என்பது வேறு விஷயம். அவர்களுக்கு இழப்பு, வழிகாட்டியின் பேச்சு மட்டுமே. அந்தப் பேச்சு சில சமயம் மனப்பாடமாக ஒலிக்கும். ஆனால் உண்மைக் குடும்பம் 1938-இல் மலையேறித் தப்பவில்லை, ரயிலேறி இத்தாலிக்குச் சென்றது, படத்தில் ஏறும் திசையில் போயிருந்தால் நேராக ஜெர்மனிக்குள் போய் மாட்டியிருப்பார்கள் என்பன போன்ற செய்திகளைக் காட்சியின் இடத்திலேயே கேட்பது சுவைதான்.

சீட்டை நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகவே முன்பதிவு செய்யுங்கள். இடைத்தரகுத் தளங்களிலும் அதே பேருந்துதான் விற்கப்படுகிறது. ஆனால் நாள் மாற்ற நேர்ந்தால் யாரிடம் பேசுவது என்ற குழப்பம் வரும். அதே சதுக்கத்திலிருந்து வேறு நிறுவனங்களும் புறப்படுவதால், சீட்டில் உள்ள பெயரைப் பேருந்தின் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏறுங்கள். முன்வரிசை அம்மாவுக்கு வேண்டுமென்றால் இருபது நிமிடம் முன்னதாக வந்து நில்லுங்கள். படியேறவும் அவகாசம் கிடைக்கும்.

சால்ஸ்பர்க் மழைக்குப் பெயர்போன ஊர். 1964-இல் படக்குழுவினரையே அது நாள்கணக்கில் காக்கவைத்தது. மழைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஆளுக்கு ஒரு குடை போதும். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு மாட்டிறைச்சியில் எடுத்ததாக இருக்கக்கூடும், கேட்காமல் வாங்க வேண்டாம். மோண்ட்சே நிறுத்தத்தில் கிடைக்கும் ஆப்பிள் ஸ்ட்ரூடல், பாட்டிலேயே இடம்பெற்ற பண்டம் என்பதால், அம்மாவுக்கு மறக்காமல் வாங்கிக் கொடுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் என்றால் அதையும் முதலில் விசாரியுங்கள். பொதுக் கழிப்பறைகளுக்குச் சில்லறை யூரோ நாணயங்கள் கையில் இருக்கட்டும்.

பயர்ன் டிக்கெட் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும் என்பதால் திரும்பும் ரயிலுக்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும்போது ரயிலில் காவலர்கள் ஆவணங்களைச் சோதிப்பது வழக்கமாக இருக்கிறது. மகளுடையது உட்பட மூன்று கடவுச்சீட்டுகளும் அசலாகவே கைப்பையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள்.