ஒளு செய்ய ஓர் இடம்

கேள்வி: என் மகளின் தோழியும் அவருடைய வயதான பெற்றோரும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். ஐவேளையும் தொழுபவர்கள். அவர்கள் ஒளு செய்ய என்ன ஏற்பாடு செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒளு என்பது தொழுகைக்கு முன் கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கையும் முகத்தையும் சுத்தம் செய்து, கைகளை முழங்கை வரை கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவி, பாதங்களைக் கணுக்கால் வரை கழுவுவது என்பதால், அதற்கு அதிகத் தண்ணீர் தேவையில்லை, உட்கார்ந்து கால் கழுவ ஓர் இடம்தான் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது. கொல்லைக் குழாயடியில் ஒரு முக்காலி, ஒரு செம்பு, வழுக்காத செருப்பு, துவைத்த துண்டு ஆகியவற்றை வைத்துவிடுங்கள். பெண்கள் முக்காட்டை விலக்கிக் கழுவ வேண்டியிருப்பதால், அவர்களுக்கு அந்த இடம் மறைவாக இருப்பது மிக முக்கியம். இல்லையெனில், நன்றாகக் கழுவி உலரவிட்ட குளியலறையே போதும்.

முதல் தொழுகை சூரிய உதயத்துக்கு முன்பே என்பதால், இரவே தொட்டியை நிரப்பி, விளக்கின் சுவிட்சையும் காட்டிவிடுங்கள். தொழும் திசை உங்கள் ஊரிலிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே. வேறு என்ன வேண்டும் என்பதை அந்த அம்மாவிடமே கேளுங்கள். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.